ஏழு வயதுக்கு நானூற்றுப் பத்து மில்லி

நம் ஆஸ்பத்திரியின் ஃப்ளோ அறைக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் காலத்தில் நான் ஒருத்திதான். மூன்று பேர் இருப்பதால் தவறு குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர் பார்த்திருப்பார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொள்வதில்தான் பாதித் தவறு பிறக்கிறது. நான் தனியாக இருந்தே பிறப்பித்தவள், அது வேறு கதை. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஃப்ளோ இயந்திரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து சிறுநீர் கழித்தால், எவ்வளவு விழுகிறது, எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்த்து அது வெளியே மேசைமேல் ஒரு கோடு போடும். தடையில்லாமல் போனால் கோடு சின்னக் குன்று மாதிரி ஏறி இறங்கும். பயந்து இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கினால் ரம்பத்தின் பல் மாதிரி வரும். இதை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். எனக்கு முப்பது வருஷம் பிடித்தது வேறொன்றைப் படிக்க. அந்த அறைக்குள் வருகிற எல்லோரும் பயந்துதான் வருகிறார்கள். குழந்தை பயப்படுவது நமக்குத் தெரியும். கூட வருகிறவர்கள் பயப்படுவது தெரிவதில்லை.

என் அறையில் ஒரு சட்டம் இருந்தது. யாராவது கதவருகே நின்றால் பெரியவர்களுக்கே வராது, குழந்தைக்கு எப்படி வரும்? அதனால் தாயும் பிள்ளையும் உள்ளே போய்க் கதவை அடைத்தால், நான் உட்பட ஒருவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கடவுளே வந்தாலும் வராந்தா பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்பேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பாராட்டிய சட்டம். எனக்கு அதில் தலைக்கனமும் உண்டு. அந்தச் சட்டம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாக்கியம் என்ற பெண் தன் மகள் அபிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளுக்கு ஏழு வயது, வயதுக்குச் சிறிய உடம்பு. பகலில் பாவாடை லேசாக நனைகிறது. வகுப்பில் திடீர் திடீரென்று தரையில் குந்தி, காலை மடித்துக் குதிகால்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். அடக்கிவைக்கிற குழந்தைகள் அப்படித்தான் உட்காரும். இரண்டு முறை காய்ச்சலும் வந்திருந்தது.

பாக்கியத்தின் கவலை காய்ச்சல் அல்ல. கீழே ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் மகளுக்கு இடம் கிடைக்கும் போலிருந்தது. படுக்கையை நனைக்கிற பிள்ளையைச் சேர்க்க மாட்டோம், நோய் இல்லையென்று பெரிய டாக்டரிடம் கடிதம் வாங்கி வா என்று வார்டன் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள்.

“யக்கா, இதுல பிள்ள பாஸாயிருவாளா?” என்றுதான் வந்ததும் கேட்டாள்.

“பாஸும் ஃபெயிலும் கெடையாது. சும்மா ஒண்ணுக்குப் போனா மதி, அது போதும்,” என்றேன்.

“அப்பம் கடிதாசி தந்திருவாவளா?”

“அத டாக்டரு பாத்துட்டுச் சொல்லுவாரு,” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பரீட்சை ஹாலுக்குள் விட்டதுபோல என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்து என்ன பயன், அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டுக்கொள்ளவில்லையே.

குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தோம். மூன்று முறை உட்கார்ந்தாள், மூன்று முறையும் ஒரு சொட்டு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். மணி பன்னிரண்டைத் தாண்டியது.

“ஒண்ணரைக்கு பஸ்ஸு யக்கா. அத விட்டா விதுராவுல இருந்து மேல போக இன்னைக்கு வண்டி கெடையாது, கேட்டோ,” என்றாள் பாக்கியம்.

நான்காம் முறை இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. நான் மேசையருகே உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கோடு எழுந்தது. தயக்கமில்லாமல் ஏறி, உச்சியில் வழுக்கி, அப்படியே இறங்கி நின்றது. புத்தகத்தில் அச்சடிக்கலாம், அவ்வளவு அழகு. மொத்தம் நானூற்றுப் பத்து மில்லி. காலையிலிருந்து குடித்த தண்ணீரெல்லாம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கதவைத் திறந்துகொண்டு பாக்கியம் முதலில் வந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. பின்னால் அபிஷா தொடைகளை ஒட்டிவைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். நான் உள்ளே போனேன். குழந்தைகளுக்காக நாற்காலிமேல் வைக்கும் சிறிய பிளாஸ்டிக் வளையம் தரையில் கிடந்தது. கால் ஊன்றும் மணைப்பலகை சுவரோடு தள்ளப்பட்டிருந்தது. வளையத்தை எடுத்து ஆணியில் மாட்டினேன், பலகையை இழுத்துப் போட்டேன். கை வேலை செய்தது, மூளை அன்று லீவு.

குழந்தை போய் முடித்ததும் வயிற்றில் ஸ்கேன் வைத்து மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அன்று ஸ்கேன் மெஷின் வார்டுக்குப் போயிருந்தது. அரை மணி ஆகும் என்றார்கள். பாக்கியம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நல்ல கோடு வந்த குழந்தைக்கு மிச்சம் எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்தேன். தாளில் மிச்சம் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன். பொய் எழுதினேன்.

எங்கள் டாக்டர் மலையாளி, நிதானமானவர். குன்றைப் பார்த்தார், பூஜ்யத்தைப் பார்த்தார். இந்தக் குழந்தைக்குச் சிறுநீர்ப்பை நன்றாகக் காலியாகிறது, நிறைவதற்குள் அவசரப்படுவதுதான் கோளாறு என்று முடிவு செய்தார். பையின் துடிப்பை அடக்கும் மாத்திரை எழுதினார். பயப்படும் நோய் இல்லை என்று ஹாஸ்டலுக்குக் கடிதமும் கொடுத்தார். காலியாகிற பைக்கு அது நல்ல மருந்து. காலியாகாத பைக்கு அதைக் கொடுப்பது, திறக்காத கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடுகிற வேலை. நின்றுபோன சிறுநீர் மேலே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பாக்கியம் என்னைக் கும்பிட்டாள். பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

சனிக்கிழமை காலை முதல் ஆளாக ஒரு பையன் வந்தான். அவனுக்கும் ஏழு வயது. ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து நாற்காலிமேல் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது. இந்த வளையம் இல்லாமல் உட்கார்ந்தால் ஏழு வயதுப் பிள்ளை உள்ளே விழுந்துவிடும். பலகை இல்லாவிட்டால் கால் அந்தரத்தில் தொங்கும். அப்படியானால் நேற்று வளையத்தைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, பலகையைத் தள்ளிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார்?

ஃபைலைத் தேடி எடுத்தேன். நானூற்றுப் பத்து. நான் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் மகள். சாக்கைப் பார்த்தே எத்தனை கிலோ பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். ஏழு வயதுப் பிள்ளையின் பையில் இருநூற்றைம்பதுக்கு அங்கே இங்கேதான் பிடிக்கும். அடக்கி அடக்கி விரிந்துபோன பை நானூறும் பிடிக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட பை ஒரே மூச்சில் இப்படிக் காலியாகாது. அது ஒரு பெரிய பெண்ணின் கோடு. நான் ரசித்து ரசித்துப் பார்த்தது பாக்கியத்தின் சிறுநீரை.

அப்படியென்றால் குழந்தை காலையில் குடித்த தண்ணீர் முழுவதையும் வயிற்றில் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறாள். கையில் அந்த மாத்திரை.

ஃபைலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. பத்து முறை அடித்தேன், பத்து முறையும் அதே குரல், அதே மரியாதை. போனக்காட்டில் அப்போது சிக்னல் பாறைமேல் ஏறினால்தான்.

அப்போது எனக்கு இன்னொரு பயமும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளில் என் கையெழுத்தில் ஒரு பூஜ்யம் இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் என் வேலை என்ன ஆகும்? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? குழந்தைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாமே. திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குக் கீழே இறங்கி வந்தால் போன் கிடைக்கும், அப்போது வேறேதாவது காரணம் சொல்லி வரவழைக்கலாமே. சுமார் பத்து நிமிஷம் இப்படி நின்றேன். என் வாழ்க்கையிலேயே நான் வெட்கப்படுகிற பத்து நிமிஷம் அது. அதற்குள் உள்ளே அந்தப் பையன் போக ஆரம்பித்து, கோடு மேசைமேல் வந்தது. நூற்றுத் தொண்ணூறு மில்லி. அந்தச் சிறிய எண்ணைப் பார்த்ததும் என் கால் தானாக ஆபரேஷன் தியேட்டர் பக்கம் நடந்தது.

டாக்டர் இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன். பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

“ஸ்கேன் நோக்கியோ?”

“நோக்கியில்ல டாக்டரே. நோக்காதே எழுதியதாணு.” பார்க்கவில்லை, பார்க்காமலே எழுதினேன் என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். என் கையிலிருந்த தாளை வாங்கி, நானூற்றுப் பத்து என்ற எண்ணின்மேல் விரலை வைத்தார். “இது ஞானும் கண்டல்லோ. ஏழு வயசுக் குட்டிக்கு இது எவிட நின்னு வருமென்னு ஞானும் சோதிச்சில்ல,” என்றார். நானும் பார்த்தேன், நானும் கேட்கவில்லை என்கிறார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லி ஆள் அனுப்பலாமா என்றார். மற்ற விஷயத்தில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு பேசாதவள் நான். அன்று வேண்டாம் என்றேன். பாக்கியம் ஏமாற்றியது பணத்துக்கோ வம்புக்கோ இல்லை, பயத்தால். பரிசோதனை தப்பு, உடனே வா என்று காக்கிச் சட்டை வந்து நின்றால், கடிதத்தைப் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் மறைந்துவிடுவாள். திங்கட்கிழமை ஹாஸ்டல் வாசலில்தான் வெளியே வருவாள். அதுவரை மாத்திரை போய்க்கொண்டே இருக்கும். அவளுக்குத் தெரிந்த முகம் போக வேண்டும். நான்தான் போக வேண்டும்.

டாக்டர் தன் காரையும் டிரைவரையும் கொடுத்தார். மெல்லிய டியூப் ஒன்றும் மற்றச் சாமான்களும் ஒரு பையில் போட்டுத் தந்தார். தானாகப் போகாவிட்டால் டியூப் போட்டு எடு, குளிர் நடுக்கம் கண்டால் ஒன்றுக்கும் நிற்காமல் கொண்டுவா என்றார்.

விதுரா தாண்டியதும் ரோடு ரோடாக இல்லை. ஒரு வளைவில் வழியெல்லாம் ஈரமான யானைச் சாணம். “சேச்சி, ஆன அடுத்துண்டு. குறச்சு நிக்கட்டே?” யானை பக்கத்தில் இருக்கிறது, கொஞ்சம் நிற்கட்டுமா என்று டிரைவர் வண்டியை நிறுத்தினார். எந்தப் பக்கம் மூங்கில் அசைந்தாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு யானைப் பயம் வரவே இல்லை. இடம் இருந்தால்தானே வரும். வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை மாத்திரை கொடுத்திருப்பாள், அடுத்த மாத்திரைக்குள் போக வேண்டும், அடுத்த மாத்திரைக்குள் போக வேண்டும் என்று ஜெபம் மாதிரி வாய் முணுமுணுத்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் வண்டி நகர்ந்தது.

இரண்டரை மணிக்கு லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தோம். காரைப் பார்த்ததும் பாக்கியம் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கடிதாசியத் திருப்பி வாங்கவா வந்திய?” என்றாள்.

“கடிதாசி உங்கிட்டயே இருக்கட்டும். மாத்திர குடுத்தியா?”

“ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு. டாக்டரு சொன்னதுதானே?”

“பிள்ள ஒண்ணுக்குப் போனாளா?”

“அவளுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. நல்லாத்தான் இருக்கா.”

உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அவள் கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அபிஷா பாயில் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுட்டது. அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புள்வரை உருண்டையாக, கல் மாதிரி இருந்தது. தொட்டதற்கே குழந்தை பல்லைக் கடித்தாள்.

“கடைசியா எப்பம் போனா பாக்கியம்? உள்ளதச் சொல்லு.”

“நேத்து விதுராவுல பஸ் மாறும்போ கொஞ்சம். ராத்திரி பாய்ல லேசா ஈரம். காலைலேருந்து ஒண்ணுமே இல்ல.” பிறகு அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. “மருந்து பிடிச்சிருச்சுல்லா யக்கா? நனைக்கவே இல்லியே?”

டாக்டர் தந்த பையை எடுத்துத் திறந்தேன்.

பையில் டியூப் இருந்தது. போடத் தெரியும். ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டையாகக் கிடக்கும் குழந்தையை, தாயை விட்டு அமுக்கிப் பிடிக்கச் சொல்லிப் போட வேண்டும். ஏற்கெனவே பயத்தால் பூட்டிக்கொண்ட உடம்பு, அதற்குப் பிறகு என்றைக்குத் திறக்கும்? போடாமல் காத்திருந்தால் நேரம் போகிறது, காய்ச்சல் ஏறுகிறது. இதில் எது சரி என்று எந்தப் புத்தகமும் அங்கே வந்து சொல்லாது. கால் மணி நேரம் பார்ப்பது, அதற்குமேல் டியூப் என்று முடிவு செய்தேன். சரியான முடிவுதானா என்று எனக்கு அப்போதும் தெரியாது.

“நேத்து அந்த நாற்காலில உக்காந்தது ஆரு?” என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

“பிள்ளதான். சத்தியமா பிள்ளதான் யக்கா.”

அபிஷா கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள். மறுபடி இறுக மூடிக்கொண்டாள். உதட்டையும் சேர்த்து மூடிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறக்காதே என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் சேர்த்து மூடிவைத்திருக்கிறாள். தாயின் பொய் நிற்கும்வரை இவள் உடம்பு தளராது. தாயை மிரட்டினால் பொய் இன்னும் கெட்டிப்படும்.

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். “அப்பம் எனக்க காரியத்த நான் சொல்லுதேன், கேளு. நேத்து நான் ஸ்கேன் பாக்கல. பாக்காமலே, வயித்துல மிச்சம் இல்லன்னு எழுதினேன். அந்தப் பொய்ய நம்பித்தான் டாக்டரு மாத்திர தந்தாரு. இன்னைக்குக் காலைல அவருகிட்ட போயிச் சொல்லிட்டேன். வேல போனாலும் போகும். ஆனா எனக்க பொய்யும் உனக்க பொய்யும் சேந்து இந்தப் பிள்ள வயித்துல கெடக்கு பாக்கியம். எனக்கத நான் எடுத்துட்டேன்.”

பாக்கியம் நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“மூணு தடவ உக்காந்தா, வரல. பஸ்ஸு போயிரும். திங்கக்கெழம போனா எடமும் போயிரும். கொழுந்து கிள்ளுகது என்னோட முடியட்டும்னு நெனச்சேன் யக்கா. எனக்கும் காலைலேருந்து முட்டிக்கிட்டு நின்னுது. கதவ அடச்சா நீங்க ஆரும் வர மாட்டிய. உக்காந்துட்டேன்.” மகள் பக்கம் திரும்பினாள். “மிண்டாத, ஆருகிட்டயும் வாயத் தொறக்காதன்னு சொன்னேன். இனி ஒரு சொட்டு நனைச்சாலும் ஹாஸ்டலு கெடையாதுன்னு சொன்னேன். தப்பு அம்மைக்குள்ளதுதான் மக்களே. ஒனக்குள்ளது இல்ல.”

அபிஷா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“அம்ம, அப்பம் நான் போலாமா?”

முந்தின நாள் முழுவதும் அவளைப் போ, போ என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். போகலாமா என்று அந்தக் குழந்தை அனுமதிக்குக் காத்திருந்தது ஒருவருக்கும் தெரியாது. நான் அழுதுவிட்டேன். வேலை நேரத்தில் நான் அழுதது அந்த ஒரு முறைதான்.

பாக்கியம் அடுப்பில் கிடந்த வெந்நீரைப் பெரிய அலுமினியச் சருவத்தில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்தாள். இளஞ்சூடான தண்ணீரில் இடுப்புவரை குழந்தையை உட்கார வைத்தோம். நான் வெளியே போய், முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, காது கேட்கிற தூரத்தில் நின்றேன். உள்ளே ஒன்றுமில்லை. வாட்சில் பத்து நிமிஷம் போனது. பதினொன்று. பையிலிருந்து டியூபை எடுத்து வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது நிமிஷம் பாக்கியத்தின் குரல் கேட்டது.

“யக்கா, தண்ணி சூடாவுது! போறா, போறா! நின்னுட்டு... பின்னையும் போறா!”

நின்று நின்று, விட்டு விட்டுப் போயிருக்கிறாள். ரம்பத்தின் பல். முந்தின நாள் வந்திருக்க வேண்டிய உண்மையான கோடு அதுதான். டியூபை உறைக்குள் திருப்பி வைக்க எனக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கல் இளகியிருந்தது, ஆனால் பாதிதான். இங்கே ஜெயித்துவிட்டோம் என்று உட்காரவில்லை. காய்ச்சல் இருக்கிறது. மாத்திரையையும் தாயையும் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். வழியெல்லாம் அவள் நெற்றியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. நடுக்கம் வருமோ, வருமோ என்று ஒவ்வொரு வளைவிலும் பயந்தேன். வெயில் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். டாக்டர் வாசலில் நின்றிருந்தார். மிச்சத்தை டியூப் வழியாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அப்போது குழந்தை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, எதற்கென்று கேட்டுவிட்டு, படுத்துக் காட்டினாள். சிறுநீரில் கிருமி இருந்தது. ஐந்து நாள் வார்டில் இருந்தாள். ஒரு நாள் பிந்தியிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் டாக்டர்.

என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் என் பணிப் பதிவேட்டில் இருக்கிறது. உங்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமையும் போனது, ஹாஸ்டல் இடமும் போனது. டாக்டர் பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு வார்டனுக்குப் புதிய கடிதம் எழுதினார். இந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கிறது, அவள் கேட்கும்போதெல்லாம் வெளியே விடுங்கள், நனைத்தால் திட்டாதீர்கள், அதுவும் மருந்துதான் என்று. அடுத்த வருஷம் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து என் சட்டத்தை மாற்றினேன். யார் உள்ளே இருக்க வேண்டும் என்று குழந்தையிடம் கேட்பேன். யாரும் வேண்டாம் என்றால், வளையமும் பலகையும் இருக்கிறதா என்று முன்னும் பார்ப்பேன், பின்னும் பார்ப்பேன். தாயைத் தனியாகக் கூப்பிட்டு, இது பரீட்சை இல்லை, கோடு மோசமாக வந்தால்தான் நமக்கு உபகாரம் என்று சொல்லுவேன். ஸ்கேன் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் பார்க்கவில்லை என்று எழுதுவேன். பஸ் போனால் போகட்டும், ராத்திரி தங்க இடம் நான் பார்த்துத் தருவேன். கோடு மிக அழகாக வந்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் பயம்.

நாலு மாதம் கழித்து அபிஷா மறுபரிசோதனைக்கு வந்தாள். உள்ளே யார் நிற்க வேண்டும் என்று கேட்டேன். “அம்ம வெளிய நிக்கட்டும். நீங்க செவரப் பாத்துட்டு நில்லுங்க,” என்றாள். நின்றேன். நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு சத்தம் கேட்டது. நடுவில் இரண்டு முறை தயங்கியது, மறுபடி போனது.

வெளியே வந்து மேசையருகே எம்பி நின்று தாளைப் பார்த்தாள். இரண்டு இடத்தில் ரம்பப் பல் மாதிரி இறங்கி ஏறிய கோணல்மாணலான கோடு. நூற்று எண்பது மில்லி.

“இது எனக்கதா?”

“ஆமா மக்களே. உனக்கதுதான்.”

“அம்மைக்கது இதவிட நல்லா இருந்துல்லா?” என்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஸ்கேனை வைத்தேன். இன்னும் கொஞ்சம்தான் மிச்சம், முப்பது மில்லி. திரையை அவளுக்கும் காட்டினேன், டாக்டரைக் கூப்பிட்டும் காட்டினேன். பிறகு அந்தக் கட்டத்தில் முப்பது என்று எழுதினேன்.